மேற்கோளின் புள்ளியை அப்புறம் பார்க்கலாம்: ஆய்விதழ் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம். நம் நாட்டில் பல்கலைக்கழகங்களும் அறிவியல் சங்கங்களும் கல்லூரிகளும் நடத்தும் ஆய்விதழ்களின் ஆசிரியர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். நான் ஓர் அரசுக் கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். என்னிடம் பிஎச்.டி. செய்யும் மாணவர்கள் கட்டுரை எழுதி முடித்ததும், அனுப்புவதற்கு முன் கடைசியாக உட்கார்ந்து பார்ப்பது என் பொறுப்பு. அந்தக் கடைசிக் கட்டத்தில் எங்கள் நேரமெல்லாம் எதில் போகிறது என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கேட்பதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். கட்டுரையை முதன்முறை அனுப்பும்போதே மேற்கோள் பட்டியல், அதாவது கட்டுரைக்கு ஆதாரமாகக் காட்டும் நூல்கள், கட்டுரைகளின் பட்டியல், உங்கள் இதழின் வடிவத்தில் இருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிடுங்கள். எந்த வடிவமானாலும் சரி, பட்டியல் முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும், விவரங்கள் முழுமையாக இருந்தால் போதும் என்று சொல்லுங்கள். அதில் மிச்சமாகும் உழைப்பை மேற்கோள்கள் உண்மையா, சொல்லப்பட்ட செய்தி அந்தக் கட்டுரையில் இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்குக் கேளுங்கள். மனமுவந்து தருகிறோம்.

எங்கள் துறையில் ஒரு மாணவியின் கட்டுரையைச் சொல்கிறேன். முதலில் அனுப்பிய இதழ், இது எங்கள் பரப்புக்குள் வராது என்று திருப்பிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, வேறு இதழுக்கு அனுப்ப வேண்டியதுதான். ஆராய்ச்சியில் ஒரு வரிகூட மாறவில்லை. மாற்ற வேண்டியிருந்தது அறுபது சொச்சம் மேற்கோள்கள். முதல் இதழ் வேன்கூவர் முறை. கட்டுரைக்குள் எண்தான் வரும். பட்டியலில் பெயருக்குப் பின் தலைப்பெழுத்து, அதற்குப் புள்ளி கிடையாது. ஆறு பேர் வரை எல்லோர் பெயரும் வரும், அதற்கு மேல் போனால் 'மற்றும் பிறர்'. இதழின் பெயர் சுருக்கமாக. ஆண்டு, அரைப்புள்ளி, தொகுதி எண், அடைப்புக்குள் இதழ் எண், முக்காற்புள்ளி, பக்கம். பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. 284 முதல் 287 வரை என்றால் 284-7 என்று சுருக்கி எழுத வேண்டும்.

இரண்டாவது இதழ் பெயர்-ஆண்டு முறை. எண்களையெல்லாம் எடுத்துவிட்டுக் கட்டுரைக்குள் பெயரும் ஆண்டும் போட வேண்டும். பட்டியலை அகர வரிசைக்குக் கொண்டுவர வேண்டும். தலைப்பெழுத்துகளுக்குப் புள்ளி வைக்க வேண்டும். சுருக்கிய இதழ்ப் பெயர்களை விரித்துச் சாய்வெழுத்தில் எழுத வேண்டும். 284-7 மறுபடி 284–287 ஆக வேண்டும். நடுவில் இருப்பது சிறு கோடு இல்லை, அதைவிடக் கொஞ்சம் நீளமான கோடு. தாவரத்தின் அறிவியல் பெயர் தலைப்புக்குள் வந்தால் அதற்குச் சாய்வெழுத்து, சுற்றியுள்ள சொற்களுக்குக் கிடையாது. இத்தனையும் செய்து அனுப்பிய பிறகு, பட்டியலில் ஒரே ஓர் இதழின் பெயர் சுருக்கமாகவே நின்றுவிட்டது என்று அலுவலகச் சோதனையில் கட்டுரை திரும்பி வந்தது. அதுவரை ஓர் அறிவியலாளர்கூட அந்தக் கட்டுரையைத் திறந்து பார்த்திருக்கவில்லை.

மென்பொருள் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. மேற்கோள்களைச் சேமித்து, வேண்டிய வடிவத்தில் பட்டியலிட்டுத் தரும் சோட்டேரோ 2006 முதல் இலவசமாகக் கிடைக்கிறது, என் மாணவர்கள் எல்லோரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது போன்ற மென்பொருள்கள் பயன்படுத்தும் பொதுக் களஞ்சியத்தில் 10,000-க்கும் மேற்பட்ட இதழ்களுக்கான வடிவக் கோப்புகள் இருக்கின்றன. பல இதழ்கள் ஒரே வடிவத்தைப் பகிர்ந்துகொள்பவை என்றாலும், தனித்தனி வடிவங்களே ஆயிரக்கணக்கில் தேறும். ஆனால் நம் ஊர்ச் சிறு இதழ்கள் பலவற்றுக்கு அந்தக் களஞ்சியத்தில் கோப்பு இல்லை. ஆசிரியர்களுக்கான வழிகாட்டிப் பக்கம் ஒன்று சொல்லும், அதே இதழில் போன மாதம் வந்த கட்டுரையின் பட்டியல் வேறொன்று காட்டும். எதை நம்புவது என்று தெரியாமல் மாணவர்கள் கையாலேயே ஒவ்வொரு வரியாகத் திருத்துகிறார்கள். கையால் திருத்தும்போது புதுப் பிழைகள் நுழைகின்றன. சரியாக இருந்த தொகுதி எண் தப்பாகிறது. 1998 என்பது 1989 ஆகிறது. வடிவத்தைச் சரிசெய்யப் போய் உள்ளடக்கம் கெடுகிறது.

இது எங்கள் கல்லூரியின் பிரச்சினை மட்டும் இல்லை. 2019-இல் பிளாஸ் ஒன் இதழில் கனடா ஆய்வாளர்கள் ஒரு கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். 41 நாடுகளைச் சேர்ந்த 372 பேர் பதில் சொன்னார்கள். ஒரு கட்டுரையின் வடிவமைப்பு வேலைக்கு மட்டும் இடைநிலை அளவாக 14 மணி நேரம், ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு 52 மணி நேரம் போகிறது என்று தெரியவந்தது. மேற்கோள்களோடு அட்டவணை, படம், எழுத்துரு எல்லாம் அதில் அடக்கம். பணம் கட்டி இந்த வேலையைச் செய்துகொள்ள வசதியுள்ள ஆய்வகங்களும் உண்டு. இங்கே உதவித்தொகையில் ஆய்வு செய்யும் மாணவர்தான் ஆய்வகத்தில் இருக்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து காற்புள்ளி போடுகிறார்.

இந்த விதிகள் வந்த கதையை நினைவுபடுத்த விரும்புகிறேன், ஏனென்றால் அது என் பக்கம் பேசுகிறது. 1978-இல் பொது மருத்துவ இதழ்களின் ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வேன்கூவர் நகரில் கூடினார்கள். தட்டச்சு இயந்திரக் காலம் அது. ஓர் இதழ் மறுத்த கட்டுரையை இன்னொன்றுக்கு அனுப்ப வேண்டுமானால் மேற்கோள்களை முதலிலிருந்து தட்டச்சு செய்தாக வேண்டும். நாம் எல்லோரும் ஒரே மாதிரியை ஏற்றுக்கொள்ளலாமே என்பதுதான் அவர்கள் கண்ட வழி. மறு ஆண்டு விதிகள் வெளியாயின. மேற்கோள் வடிவத்தை அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் வகுத்துக் கொடுத்தது. இந்த மாதிரியில் தயாரித்த கட்டுரையை, வடிவத்தைக் காரணம் காட்டிப் பரிசீலனைக்கு முன்பே திருப்பி அனுப்ப மாட்டோம் என்று அந்த இதழ்கள் ஒப்புக்கொண்டன. எங்கள் பாணிக்கு மாற்ற வேண்டியிருந்தால் ஏற்றுக்கொண்ட பிறகு நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்றும் சொல்லின. வேன்கூவர் என்ற பெயரை இன்றைக்கு எந்தக் காரியத்துக்குப் பயன்படுத்துகிறோமோ, அந்தக் காரியத்தை நிறுத்துவதற்காகத்தான் அந்தக் கூட்டமே நடந்தது. நான் புதிதாக எதையும் கேட்கவில்லை, அன்றைக்குக் கொடுத்த வாக்கைத்தான் கேட்கிறேன்.

ஏற்றுக்கொண்ட பிறகு நாங்களே மாற்றிக்கொள்கிறோம் என்று அன்று சொன்னது இன்று இன்னும் எளிது. உலகத்துப் பெரிய பதிப்பகங்களின் இதழ்களுக்குப் பக்கம் கோப்பதும் பிரதி திருத்துவதும் பெரிய அளவில் நடப்பது சென்னையிலும் புதுச்சேரியிலும்தான். என்னிடம் படித்த சிலரே அந்த நிறுவனங்களில் வேலை பார்க்கிறார்கள். ஒரு கட்டுரை அங்கே வந்ததும் மேற்கோள் பட்டியலை என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஒவ்வொரு மேற்கோளையும் பிரித்துப் போடுகிறார்கள். இது ஆசிரியர் பெயர், இது ஆண்டு, இது தலைப்பு, இது தொகுதி, இது பக்கம் என்று ஒவ்வொன்றுக்கும் கணினிக்குப் புரியும் எக்ஸ்எம்எல் அடையாளம் இடுகிறார்கள். அப்படிப் பிரித்தாகிவிட்டால் எங்கே புள்ளி, எங்கே காற்புள்ளி, எது சாய்வெழுத்து என்பதையெல்லாம் கணினியே இதழின் பாணிப்படி போட்டுவிடும். என் மாணவி கண்விழித்துப் போட்ட நிறுத்தக்குறிகள் அங்கே தூக்கிப் போடப்பட்டு, புதிதாகப் போடப்படுகின்றன. அவள் கொடுத்ததில் அந்த நிறுவனத்துக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது விவரம் மட்டும்தான். தொகுதி எண் விட்டுப்போயிருந்தால்தான் அவர்கள் திணறுவார்கள்.

உங்கள் இதழில் அவ்வளவு பெரிய ஏற்பாடு இல்லாமல் இருக்கலாம். ஆசிரியரும் ஒரு உதவியாளரும் மட்டும் நடத்தும் இதழ்கள் நம்மிடம் நிறைய. அப்படியென்றாலும், ஏற்றுக்கொண்ட பிறகு ஆசிரியரிடமே வடிவத்தை மாற்றித் தரச் சொல்லலாம். ஏற்கப்பட்ட கட்டுரைக்கு அந்த வேலையைச் செய்ய யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். ஏற்கப்படுமா என்றே தெரியாத கட்டுரைக்குச் செய்யச் சொல்வதுதான் வதை. எல்சிவியர், ஸ்பிரிங்கர் நேச்சர், வைலி போன்ற பெரிய பதிப்பகங்களின் இதழ்கள் பலவும் முதல் கட்டத்தில் எந்த வடிவமானாலும் ஏற்றுக்கொள்கிறோம் என்று எப்போதோ மாறிவிட்டன. நம் இதழ்கள்தான் இன்னும் பழைய கண்டிப்போடு நிற்கின்றன.

வடிவம் ஒழுங்காக இருந்தால் ஆளும் ஒழுங்கு, ஆய்வும் ஒழுங்கு என்ற நம்பிக்கை இதற்குப் பின்னால் இருப்பது எனக்குப் புரிகிறது. என் ஆசிரியரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அந்த நம்பிக்கையை உடைக்கும் ஒரு மேற்கோளை உங்களுக்குக் காட்ட வேண்டும். வான் டெர் கீர், ஹன்ராட்ஸ், லப்டன் என்று மூன்று ஆசிரியர்கள். 2000-ஆம் ஆண்டு. அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்பது தலைப்பு. இதழ், தொகுதி 163, பக்கம் 51 முதல் 59 வரை என்று எல்லாமே கச்சிதம். லைடன் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பீட்டர் க்ரோனன்பெர்க் இந்தக் கட்டுரையைத் தேடிப் போனார். கிடைக்கவில்லை. அவரும் மேலாண்மைத் துறை ஆய்வாளர் ஆன்-வில் ஹார்சிங்கும் துருவியதில், அப்படி ஒரு கட்டுரையே கிடையாது என்று தெரிந்தது. மேற்கோளை எப்படி எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக எல்சிவியர் தன் வழிகாட்டியில் கற்பனையாகக் கொடுத்திருந்த மாதிரி வரி அது. ஹார்சிங் 2017-இல் இதை எழுதியபோது, வெப் ஆஃப் சயன்ஸ் தரவுத்தளத்தில் இந்த இல்லாத கட்டுரை ஏறக்குறைய 400 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தது. பெரும்பாலும் மாநாட்டுக் கட்டுரைகளில். மாதிரிக் கோப்பைத் திறந்து அதன்மேலேயே கட்டுரையை எழுதியவர்கள் மாதிரி வரியை நீக்காமல் விட்டிருக்கிறார்கள்.

அந்த 400-இல் ஒன்றுகூட வடிவச் சோதனையில் சிக்கியிருக்க வாய்ப்பில்லை. வடிவத்துக்கே இலக்கணமான வரி அல்லவா அது! ஒரே ஒரு ஆள் அந்தத் தலைப்பைத் தேடிப் பார்த்திருந்தால் அடுத்த நிமிடமே பிடிபட்டிருக்கும். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று பத்திரத்தைப் பார்த்துவிட்டு, வில்லங்கம் போட்டுப் பார்க்காமல் நிலம் வாங்குவது போன்ற காரியத்தைத்தான் நம் அலுவலகச் சோதனைகள் செய்துகொண்டிருக்கின்றன.

2003-இல் கலிபோர்னியாவில் இரண்டு ஆய்வாளர்கள் வேறொரு வழியில் இதைத் தொட்டார்கள். புகழ்பெற்ற ஒரு கட்டுரையை எடுத்து, அதை மேற்கோள் காட்டிய ஏறக்குறைய 4,300 இடங்களையும் பார்த்தார்கள். 196 இடங்களில் தொகுதி, பக்கம், ஆண்டு என்று எதிலாவது பிழை. ஆனால் வெவ்வேறு பிழைகள் என்று எண்ணினால் 45 மட்டுமே. ஒரே பக்க எண் பிழை 78 முறை வந்திருந்தது. 78 பேர் தனித்தனியாக அதே தப்பைச் செய்திருக்க முடியாது. ஒருவர் பட்டியலிலிருந்து அடுத்தவர் பட்டியலுக்கு அப்படியே பெயர்ந்திருக்கிறது. மேற்கோள் காட்டுபவர்களில் மூலத்தைப் படிப்பவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இப்போது நிலைமை இன்னும் மோசம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் மேற்கோள் கேட்டால், எந்தப் பாணியில் வேண்டுமோ அந்தப் பாணியில், ஒரு புள்ளி பிசகாமல் கொடுத்துவிடும். 2023-இல் சயன்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வந்த ஆய்வின்படி, ஜிபிடி-3.5 கொடுத்த மேற்கோள்களில் 55 விழுக்காடும், ஜிபிடி-4 கொடுத்தவற்றில் 18 விழுக்காடும் இல்லவே இல்லாத கட்டுரைகள். அதன் பிறகு செயலிகள் மாறிவிட்டன, விழுக்காடும் மாறியிருக்கும். மாறாத விஷயம் ஒன்று: வடிவம் சரியாக இருக்கிறது என்பது இனி எதற்கும் சாட்சி இல்லை. முன்பெல்லாம் ஒழுங்கான பட்டியல் என்றால் யாரோ ஒரு மனிதர் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்றாவது தெரியும். இப்போது அதுவும் தெரியாது. நேர்மையாகப் படித்து, கையால் பட்டியல் தயாரித்த மாணவியின் பட்டியலில்தான் கோடு சிறியதா பெரியதா என்ற குறை இருக்கும்.

உள்ளதைச் சரியாகச் சொல்கிறோமா என்பது அடுத்த படி. அதில் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ உலகில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1980-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரே பத்தியில் ஒரு கடிதம் வெளியானது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு ஓபியாய்டு என்னும் அபின் வகை வலிநிவாரணி பெற்ற 11,882 பேரில், முன்பு அடிமைப் பழக்கம் இல்லாதவர்களில் நால்வருக்கு மட்டுமே அது உண்டானது என்பதுதான் செய்தி. உள்நோயாளிகள், மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள். 2017-இல் அதே இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. 72 விழுக்காடு கட்டுரைகள், ஓபியாய்டு சிகிச்சையில் அடிமைத்தனம் அரிது என்பதற்குச் சான்றாக அதைக் காட்டின. உள்நோயாளிகளைப் பற்றிய தகவல் இது என்பதையே 81 விழுக்காடு கட்டுரைகள் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஓபியாய்டு மருந்துகளை நீண்டகாலச் சிகிச்சைக்குத் தயங்காமல் எழுதிக் கொடுக்கும் போக்கு வளர்ந்ததில் இந்த மேற்கோள்களுக்கும் பங்குண்டு என்பது அந்த ஆய்வாளர்களின் முடிவு. அந்தக் கடிதத்தின் பெயர், ஆண்டு, பக்கம் எல்லாம் அந்தப் பட்டியல்களில் சரியாகவே இருந்திருக்கும்.

எங்கள் துறையிலும் இதைப் பார்க்கிறேன். ஆவாரை இலைச்சாறு ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பெயரும் ஆண்டும் போட்டிருக்கும். அந்தக் கட்டுரையைத் திறந்தால் அது வேறொரு கட்டுரையைக் கைகாட்டும். அதைத் திறந்தால்தான் மூலம். அங்கே சோதித்தது இலையை அல்ல, பூவை. அதுவும் எலிகளில். நடுவில் யாரோ ஒருவர் பூவை இலையாக்க, அடுத்து வந்தவர்கள் எலியை மறந்துவிட்டார்கள். சர்க்கரை நோயாளிகள் வீட்டுக்கு வீடு இருக்கிற ஊர் இது. இப்படி ஒரு வாக்கியம் கட்டுரையிலிருந்து செய்தித்தாளுக்கும் அங்கிருந்து வாட்ஸப்புக்கும் போக ரொம்ப நாள் ஆகாது. இந்தத் தேடலை ஒவ்வொரு முக்கியமான மேற்கோளுக்கும் என் மாணவர்கள் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவர்களுக்கும் ஆசைதான். நேரத்தைக் காற்புள்ளி தின்றுவிடுகிறது.

சரி, உண்மையைச் சோதிக்க உங்களால் என்ன முடியும்? நிறைய முடியும். ஆய்விதழ்க் கட்டுரைகளின் விவரங்களைப் பதிவு செய்துவைக்க 2000-இல் தொடங்கப்பட்ட கிராஸ்ரெஃப் அமைப்பில் பதிவான கட்டுரை ஒவ்வொன்றுக்கும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண் இருக்கிறது. எங்களிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். எண்ணைக் கொடுத்தால் ஆசிரியர், ஆண்டு, தொகுதி எல்லாம் அங்கிருந்தே வந்துவிடும். இல்லாத கட்டுரைக்கு எண் இருக்காது. போலி எண் கொடுத்தால் திறக்காது, அல்லது வேறு எதையாவது திறக்கும். திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளின் பட்டியலான ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தை 2023-இல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஒரு பட்டியலில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை இருக்கிறதா என்று பார்க்க இன்று பணம் வேண்டாம், ஆளும் அதிகம் வேண்டாம். வடிவம் பார்க்க உட்காரும் அதே உதவியாளர் இதைப் பார்க்கலாம்.

எல்லாவற்றுக்கும் டிஓஐ இருக்காது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பழைய இந்திய இதழ்கள், மாவட்டத் தாவர விவர நூல்கள், தமிழில் வந்த சித்த மருத்துவ நூல்கள் எதற்கும் இல்லை. இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் இருக்கும் பிஎச்.டி. ஆய்வேடுகளுக்கு 10603 என்று தொடங்கும் நிலையான இணைப்பு இருக்கிறது, அதை ஏற்றுக்கொள்ளுங்கள். எண் இல்லை என்பதற்காக ஒரு மேற்கோளை நீக்கச் சொல்லாதீர்கள். நம் மண்ணைப் பற்றிய தகவல் அதிகம் இருப்பது அப்படிப்பட்ட நூல்களில்தான்.

இனி பெயர் விவகாரம். இதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மேற்கோள் வடிவங்கள் எங்களுக்குச் செய்யும் அநியாயங்களில் இதுதான் பெரியது. வடிவங்கள் எல்லாமே குடும்பப் பெயர் ஒன்று உண்டு என்று எடுத்துக்கொள்கின்றன. தமிழர்களில் பெரும்பாலோருக்கு அது கிடையாது. தன் பெயர், முன்னால் அப்பாவின் பெயருக்கு ஒரு தலைப்பெழுத்து, அவ்வளவுதான். முருகேசன் மகள் கவிதா என்று ஒரு மாணவி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கல்லூரிச் சான்றிதழில் மு. கவிதா. கடவுச்சீட்டில் கவிதா முருகேசன். இணையப் படிவத்தில் குடும்பப் பெயர் கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் நிற்கும், முருகேசன் என்று போடுவாள். கட்டுரை வெளியாகும். உலகம் அதை 'முருகேசன் க' என்று மேற்கோள் காட்டும். ஆய்வு செய்தவள் மகள், பட்டியலில் நிற்பவர் அப்பா. இன்னொரு இதழில் கவிதா எம் என்று கொடுத்திருப்பாள். மென்பொருள் கடைசியில் இருப்பதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு 'எம் கே' ஆக்கிவிடும். தமிழ்நாட்டில் எத்தனை ஆயிரம் எம் கே-க்கள் இருப்பார்கள்! கல்யாணத்துக்குப் பிறகு தலைப்பெழுத்து கணவர் பெயருக்கு மாறினால் மூன்றாவது ஆள் பிறக்கிறாள். ஒரே பெண்ணின் ஆய்வு மூன்று பேருக்குப் பங்கு போடப்பட்டு, வேலைக்கான நேர்காணலில் உங்களுக்கு மேற்கோள்கள் குறைவாக இருக்கின்றனவே என்ற கேள்வியில் முடிகிறது.

முந்தைய தலைமுறை ஓரளவு தப்பியது. தலைப்பெழுத்தை முன்னால் போட்டுக் கையெழுத்திட்டதால் கடைசியில் நின்றது அவரவர் சொந்தப் பெயர். எஸ். சந்திரசேகரின் பெயரில் சந்திரசேகர் வரம்பு வந்தது, அப்பா சுப்பிரமணியனின் பெயரில் வரவில்லை. சி. வி. ராமனுக்கு அப்பா பெயர் சந்திரசேகரன். சொந்தப் பெயரான வெங்கடராமன் இரண்டாக உடைந்தாலும் பாதியாவது மிஞ்சி, ராமன் விளைவு ஆனது. கடவுச்சீட்டுக்காகவும் இணையப் படிவங்களுக்காகவும் பெயரைப் புரட்டிப் போட்ட இன்றைய மாணவர்களுக்கு அந்தப் பாதியும் மிஞ்சுவதில்லை.

வெளிநாட்டு இதழ்களுக்கு இது புரியாமல் போகலாம். நம் நாட்டு இதழ்களுக்குப் புரியாது என்று சொல்ல முடியாது. உங்கள் ஆசிரியர் குழுவிலேயே பாதிப்பேர் இந்தத் தொல்லையை அனுபவித்தவர்களாக இருப்பீர்கள். தீர்வு பெரிய செலவு இல்லை. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் கட்டாயம் இல்லை என்று ஆக்குங்கள். 'உங்கள் பெயர் மேற்கோளில் எப்படி வர வேண்டும்' என்று ஒரு கட்டம் சேருங்கள். கட்டுரையின் முதல் பக்கத்திலேயே, இதை இப்படி மேற்கோள் காட்டவும் என்று ஒரு வரி அச்சிடுங்கள். கிராஸ்ரெஃபுக்குத் தகவல் அனுப்பும்போதும் அதே பெயர் போகட்டும். அங்கே தப்பாகப் போனால் எல்லா மென்பொருளிலும் தப்பாகத்தான் இறங்கும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தரப்படும் ஓர்கிட் அடையாள எண்ணை எல்லாக் கட்டுரையாசிரியர்களிடமும் கேளுங்கள். 2012 முதல் இருக்கிறது, இலவசம், 16 இலக்கம். பெயர் எப்படி மாறினாலும் ஆள் மாறமாட்டார்.

வடிவமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அச்சில் வரும் இதழ் ஒரே சீராக இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆண்டு இல்லாத, தொகுதி இல்லாத, பாதி எண்ணும் பாதி பெயருமாகக் கலந்துகிடக்கும் பட்டியலைத் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். அது அலட்சியம். கட்டுரையைப் படித்து மதிப்பிடும் சக அறிவியலாளரான சீர்மதிப்பீட்டாளருக்குப் பெயர்-ஆண்டு முறை படிக்க வசதி என்றால், எண் முறை வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள், அதுவும் நியாயம். முழுமையான, சீரான, ஆனால் உங்கள் பாணியில் இல்லாத ஒரு பட்டியலுக்காகக் கட்டுரையைத் திருப்புவதை மட்டும் நிறுத்துங்கள்.

வழிகாட்டிப் பக்கத்தில் என்ன எழுதலாம் என்று நானும் என் சக ஆசிரியர்களும் பேசி ஒரு வரைவு வைத்திருக்கிறோம். உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள்:

"முதல் சமர்ப்பிப்பில் மேற்கோள்கள் எந்தப் பாணியிலும் இருக்கலாம், பட்டியல் முழுவதும் ஒரே பாணியில் இருக்க வேண்டும். ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ் அல்லது பதிப்பகம், தொகுதி, பக்கம் ஆகிய விவரங்களும், இருக்கும் இடத்தில் டிஓஐ எண்ணும் தேவை. பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஆக்கத்தையும் கட்டுரையாசிரியர்களில் ஒருவராவது நேரில் படித்திருக்க வேண்டும். அதை அவர்கள் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். இதழின் பாணிக்கு மாற்றும் வேலை, கட்டுரை ஏற்கப்பட்ட பிறகு."

இதோடு சீர்மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பும் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்க்கலாம்: கட்டுரையின் முக்கிய முடிவைத் தாங்கும் மேற்கோள்களில் இரண்டையாவது திறந்து பார்த்தீர்களா, சொல்லப்பட்டது அங்கே இருக்கிறதா? அறுபதையும் யாரும் பார்க்க முடியாது. இரண்டைப் பார்க்க முடியும். யாரோ இரண்டைப் பார்ப்பார்கள் என்று தெரிந்தாலே அறுபதையும் எழுதுபவர் கவனமாக எழுதுவார்.

உங்கள் அடுத்த ஆசிரியர் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மாற்றத்தை ஓர் ஆண்டுக்கு மட்டும் சோதனையாகச் செய்து பார்த்தாலும் சரி. அந்த ஓர் ஆண்டில் உங்கள் இதழுக்கு வரும் கட்டுரைகளின் மேற்கோள்களைச் சரிபார்க்க உதவி தேவைப்பட்டால், எங்கள் துறை ஆசிரியர்களும் மாணவர்களும் வந்து உட்காரத் தயார். வேறு கல்லூரிகளிலும் கேட்டால் வருவார்கள்.

நன்றியுடனும் மரியாதையுடனும்,
ஒரு தாவரவியல் ஆசிரியர்